இரண்டு வெள்ளித் தண்டுகள் போன வழி

ழான் வல்ழான் விளக்குத்தண்டுகளைத் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. விக்தோர் யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியாரின் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று படித்தவர்களும் சரி, 1950-இல் அதே பெயரில் வந்த படத்தைப் பார்த்தவர்களும் சரி, கதையைச் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் "ஆயர் வீட்டு வெள்ளி விளக்கைத் திருடிக்கொண்டு ஓடுவானே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவன் எடுத்துக்கொண்டு ஓடியது சாப்பாட்டு மேசை வெள்ளி: ஆறு பேருக்கான முள்கரண்டி, கரண்டிகள், சூப் ஊற்றும் பெரிய அகப்பை ஒன்று. மெழுகுவத்தி ஏற்றும் இரண்டு தண்டுகளும் மறுநாள் காலையில் அவன் கையில் கொடுக்கப்பட்டவை. திருடிய சாமான் சீக்கிரமே விற்றுப் போயிற்று. கொடுத்த சாமான் அவன் சாகும்வரை கூட இருந்தது. நாவலில் எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள்; முதல் பாகத்தில் மேசைமேல் வந்து கடைசிப் பக்கங்களிலும் எரிந்துகொண்டிருப்பவை இந்தத் தண்டுகள்.

அவற்றின் பூர்வீகம் பற்றி யூகோ ஒரே வரிதான் எழுதுகிறார்: ஆயர் மிரியேலுக்கு அவருடைய பாட்டி முறை உறவினர் ஒருத்தியின் சொத்திலிருந்து வந்தவை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு குடும்பமே சிதைந்து கிடக்கிறது. மிரியேல் எக்ஸ் நகரத்து உயர்நீதிமன்றப் பதவிக் குடும்பத்துப் பிள்ளை. புரட்சி வந்ததும் இத்தாலிக்கு ஓடினார். மனைவி அங்கே நெஞ்சு நோயில் செத்துப்போனாள். திரும்பி வந்தபோது பாதிரியாராக வந்தார். பழைய வாழ்வில் மிஞ்சியவை அந்த ஆறு பேர் சாப்பாட்டு வெள்ளியும் இந்த இரண்டு தண்டுகளும்தான்.

1806-இல் மலையடிவாரத்துத் தீஞ் நகரத்துக்கு ஆயராக வந்த மனிதர், தனக்கென்று ஒதுக்கிய மாளிகையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த குறுகிய ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அங்கே இருபத்தாறு நோயாளிகள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, நீங்கள் என் வீட்டில் இருக்கிறீர்கள், நான் உங்கள் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லி இடத்தை மாற்றிக்கொண்டார். கதவிலிருந்த பூட்டு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். யார் வேண்டுமானாலும் தள்ளித் திறக்கலாம். பதினைந்தாயிரம் பிராங்க் சம்பளத்தில் ஆயிரத்தை மட்டும் வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டார். இப்படிப்பட்டவர் வெள்ளியில் சாப்பிடுவதை மட்டும் விட முடியவில்லை. அதைத் தானே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். எனக்கு இந்தப் பலவீனம் பிடித்திருக்கிறது. முழுப் புனிதராக இருந்திருந்தால் அந்த வீட்டில் திருட எதுவுமே இருந்திருக்காது, கதையும் நடந்திருக்காது. (1805 முதல் 1838 வரை தீஞ்சின் ஆயராக இருந்த மியோலிஸ் என்ற உண்மையான மனிதரைப் பார்த்துத்தான் யூகோ மிரியேலை உருவாக்கினார்.)

தண்டுகள் சாதாரண நாட்களில் ஆயரின் படுக்கையறைக் கணப்படுப்பின் மேல்பலகையில் நிற்கும். சாப்பாட்டுக்கு விருந்தாளி யாராவது வந்தால் மட்டும் வேலைக்காரக் கிழவி மக்லுவார் அம்மாள் மெழுகுவத்தி ஏற்றி மேசைக்குக் கொண்டுவருவாள். அது அந்த வீட்டு வழக்கம்.

1815 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம். தூலோன் சிறையில் பத்தொன்பது வருஷம் கழித்துவிட்டு, 109 பிராங்க் 15 சூ கையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் கடவுச்சீட்டோடு ஒருவன் ஊருக்குள் வருகிறான். சத்திரம் துரத்துகிறது. சாராயக்கடை துரத்துகிறது. சிறையின் கதவைத் தட்டுகிறான், சிறையும் எடுத்துக்கொள்ள மறுக்கிறது. குடிசை என்று நினைத்து நுழைந்த இடம் நாய்ப் பட்டி, நாயும் துரத்துகிறது. கடைசியில் ஒரு கிழவி காட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு ஆயரின் வீட்டுக்குள் வந்து, தான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்லி முடிக்கிறான். ஆயர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இந்த விளக்கு சரியாக வெளிச்சம் தரவில்லையே என்கிறார். மக்லுவார் அம்மாளுக்கு அது போதும். உள்ளே போய் இரண்டு தண்டுகளையும் எடுத்து, ஏற்றி, மேசைமேல் வைக்கிறாள். அப்புறம் ஆயர் மேசையைப் பார்த்து ஏதோ குறைகிறதே என்கிறார். மூன்று பேருக்கு மூன்று கரண்டிதான் வைத்திருந்தாள். விருந்தாளி வந்தால் ஆறையும் பரப்பி வைப்பது அங்கே பழக்கம். மீதி மூன்றும் வருகின்றன. ஏழை வீட்டின் சின்னப்பிள்ளைத்தனமான இந்தப் பெருமைதான் இரவு இரண்டு மணிக்கு வினையாகிறது.

படுக்கப் போகும்போது ஆயர் ஒரு தண்டைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார், மற்றொன்றை விருந்தாளியிடம் கொடுக்கிறார், "ஐயா" என்று கூப்பிட்டு அறைக்கு அழைத்துப் போகிறார். ஆக, தண்டு ழான் வல்ழானின் கைக்கு முதன்முதலாக வந்தது மறுநாள் காலையில் அல்ல, அன்றிரவே. அதைத் தன் படுக்கைக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் வைத்தான். சிறைக்காரர்கள் செய்வதுபோல மூக்கால் ஊதி அணைத்தான். உடுத்திய துணியோடே விழுந்து தூங்கிவிட்டான். பத்தொன்பது வருஷமாக மெத்தையில் படுத்துப் பழகாத உடம்பு. படுக்கை சுகமாக இருந்ததனாலேயே பாதி இரவில் விழிப்பு வந்துவிட்டது என்கிறார் யூகோ.

பிறகு நடந்ததில் ஒரு சாமான் யார் கண்ணிலும் படுவதில்லை. திருடப் போகும்போது அவன் கையில் கூரான இரும்புத் தண்டு ஒன்று இருந்தது. இருட்டில் கடப்பாரையா, தடியா என்று தெரியாது. பகலில் பார்த்தால் அது சுரங்கத் தொழிலாளியின் மெழுகுவத்தித் தண்டு. தூலோன் மலைகளில் கைதிகளைப் பாறை உடைக்க அனுப்பும்போது, பாறையில் குத்தி நிறுத்திக்கொள்ளக் கொடுப்பது. வெள்ளித் தண்டு அவன் அறையிலேயே அணைந்து நிற்க, இரும்புத் தண்டை ஓங்கிப் பிடித்துக்கொண்டு தூங்கும் கிழவரின் தலைமாட்டுக்குப் போனான். யூகோவை அலங்காரப் பிரியர், எதிரும் புதிருமாக அடுக்கிக் கொட்டுகிறவர் என்று குறை சொல்வதுண்டு, அது உண்மையும்கூட. ஆனால் இந்த இடத்தில் இரண்டு தண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவே இல்லை. நாம் பார்த்தால் உண்டு.

சுவர் அலமாரியில் சாவி அப்படியே இருந்தது. கூடையோடு வெள்ளியை எடுத்தான், பையில் கொட்டினான், வெறுங்கூடையைப் பூச்செடிமேல் எறிந்துவிட்டு மதில் ஏறிக் குதித்தான். பக்கத்திலேயே இருந்த தண்டை ஏன் எடுக்கவில்லை என்று நாவல் விளக்குவதில்லை. காலையில் காவலர்கள் மூவர் அவனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஆயர் கேட்டதும் அதையேதான்: தண்டுகளையும்தானே கொடுத்தேன், அவையும் வெள்ளிதான், இருநூறு பிராங்க் தேறும், ஏன் விட்டுவிட்டுப் போனாய்? கணப்படுப்பின் மேலிருந்து இரண்டையும் எடுத்துக் கொடுக்கிறார். (இரவில் ஒன்று இவன் அறையில் அல்லவா இருந்தது? விடிந்ததும் மக்லுவார் அம்மாள் எடுத்து அதனதன் இடத்தில் வைத்திருக்க வேண்டும். நாவலாசிரியர் மறந்தாலும் வேலைக்காரி மறப்பாளா!) இன்னொரு தடவை வரும்போது தோட்டத்துப் பக்கம் வராதே, முன்கதவு எந்நேரமும் திறந்தே இருக்கும் என்றும் சொல்லி அனுப்புகிறார்.

கதவும் வெளிச்சமும். பிரெஞ்சு நாவல்களில் வீடு என்றால் பத்திரம், வரதட்சிணை, உயில், அறையறையாகச் சாமான் என்று பக்கம் பக்கமாக வரும். பால்ஸாக்கைப் படித்தவர்களுக்குத் தெரியும். யூகோ இந்த நாவலில் வீட்டுக்கு வைக்கும் இலக்கணம் வேறு: யாரோ உள்ளே வருகிறார்கள் என்பதற்காக விளக்கு ஏற்றப்படுகிற இடம். ழான் வல்ழானுக்கு அந்த இடம் ஒரே ஒரு இரவு கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இரண்டு தண்டுகளைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

அந்த வருஷம் டிசம்பரில் வடக்கே மோன்த்ரேய்-சூர்-மேர் ஊரில் மத்லேன் என்ற பெயரில் முளைக்கிறார். கறுப்புக் கண்ணாடி மணி செய்யும் தொழிலில் பிசினுக்குப் பதிலாக அரக்கைச் சேர்த்து ஊரையே பணக்கார ஊராக்குகிறார், மேயராகிறார். சாப்பாட்டு வெள்ளியை விற்றாயிற்று. தண்டுகள் மட்டும் அவர் அறைக் கணப்படுப்பின்மேல். மேயரின் அறைக்குள் ஏதோ மர்மக் குகை இருப்பதாக வதந்தி. ஊர்ப் பெண்கள் சிலர் பிடிவாதமாக உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். சாதாரண மரச் சாமான், அதுவும் அழகில்லாதது. பார்க்கத்தக்கதாக இருந்தவை பழைய பாணித் தண்டுகள் இரண்டுதான். வெள்ளியாகத்தான் இருக்கும், முத்திரை குத்தியிருக்கிறதே என்று கண்டுபிடிக்கிறார்கள். சின்ன ஊர் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு யூகோ வைத்த நக்கல் இது. 1821-இல் தீஞ் ஆயர் இறந்த செய்தி பத்திரிகையில் வந்ததும் மேயர் கறுப்பு உடுத்தினார். உறவுக்காரராக இருக்குமோ என்று ஊர் பேசிக்கொண்டது.

1823-இல் தண்டுகளுக்குக் கண்டம் வருகிறது. யாரோ ஒரு அப்பாவியை ழான் வல்ழான் என்று அராஸ் நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மேயர் மேயராகவே இருக்கலாம். அந்த இரவில் ரகசிய அலமாரியைத் திறந்து, தீஞ்சுக்கு வந்த நாளில் போட்டிருந்த நீலச் சட்டை, கந்தல் கால்சட்டை, முதுகுப்பை, முள்தடி எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறார். அப்புறம் கண் தண்டுகளின்மேல் விழுகிறது. அவற்றை உருக்கி அடையாளம் தெரியாத கட்டியாக்கும் அளவுக்கு அடுப்பில் தணல் இருக்கிறது. இரண்டையும் கையில் எடுக்கிறார். குனிந்து ஒரு நிமிஷம் குளிர்காய்கிறார். ஒரு தண்டாலேயே தணலைக் கிளறிவிடுகிறார். நாவலில் எனக்கு மிகவும் பயங்கரமான வரி இதுதான். போலீஸ் இன்ஸ்பெக்டர் ழாவேர் துரத்தும் காட்சிகள்கூட இதற்கப்புறம்தான். விருந்தாளிக்காக மேசையில் நின்ற பொருள் அடுப்புக் கிளறியாகிவிட்டது. அப்போதுதான் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் உள்ளே கேட்கிறது. தண்டுகள் மேல்பலகைக்குத் திரும்புகின்றன.

பிரெஞ்சு நாவலில் வெள்ளிக்கு இந்த அதிர்ஷ்டம் வழக்கமாகக் கிடைப்பதில்லை. பால்ஸாக்கின் கொரியோ கிழவர் வோக்கே அம்மாளின் விடுதிக்கு வரும்போது முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் ஒன்று கொண்டுவருகிறார். மூடியில் இரண்டு புறாக்கள் கொஞ்சிக்கொண்டிருக்கும். மனைவி கல்யாணமான முதல் வருஷம் கொடுத்தது. நகத்தால் மண்ணைப் பிராண்ட வேண்டிவந்தாலும் இதைப் பிரியமாட்டேன் என்கிறார். சில வருஷம் கழித்து நடு இரவில் கயிறு சுற்றி முறுக்கி அதைக் கட்டியாக்குகிறார், மகளின் கடனை அடைக்க. ஃப்ளோபேரின் எம்மா பொவாரி, அப்பா ரூவோ கல்யாணத்துக்குக் கொடுத்த ஆறு முலாம் கரண்டிகளை அடகுக்கடைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் காதலனிடம் நீட்டுகிறாள். அந்த இரண்டு நாவல்களிலும் வெள்ளி கைமாறும் அந்த நொடியில் வீடு முடிந்துபோகிறது. யூகோவின் வெள்ளி தணலை நக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. பால்ஸாக்கும் ஃப்ளோபேரும் உலகத்தைச் சரியாகப் பார்த்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் திரும்பி வரும் வெள்ளியை நம்பும்படி எழுதுவதற்கு வேறு வகைத் தைரியம் வேண்டும்.

அராஸ் போய் உண்மையைச் சொன்னார். கைதானார். ஊர்ச் சிறையின் சன்னல் கம்பியை உடைத்துக்கொண்டு தன் அறைக்கே திரும்பி வந்தார், தண்டுகளுக்காக. பழைய சட்டை ஒன்றைக் கிழித்து இரண்டையும் தனித்தனியே சுற்றுகிறார். சுற்றும்போதே கறுப்பு ரொட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருக்கிறார், சிறையில் கொடுத்ததாக இருக்கலாம். ரொட்டித் திருட்டில் ஆரம்பித்த வாழ்க்கை, மேயராகி, மறுபடியும் ரொட்டித் துண்டும் மூட்டையுமாக நிற்கிறது. ழாவேர் படியேறி வருகிறான். தமிழ்ப் படத்தில் அந்த வேஷம் போட்ட சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. வீடில்லாதவனைவிட அவனைத் துரத்தியவன்தான் நம் ஊரில் நிலைத்தான். பொய்யே பேசாத கன்னிகாஸ்திரி சிம்ப்ளிஸ் அன்று இரண்டு பொய் சொல்கிறாள். தண்டுகள் தப்பிக்கின்றன.

பாரிஸுக்குக் கிழக்கே மோன்ஃபெர்மேய் காடு. வங்கியிலிருந்து எடுத்த ஆறு லட்சத்துச் சொச்சம் பிராங்கோடு ஓக் மரப் பெட்டிக்குள், ஈரம் ஏறாமலிருக்கப் போட்ட மரச்சீவலுக்கு நடுவில், தண்டுகள் மண்ணுக்குள் போகின்றன. வல்ழான் மறுபடி பிடிபடுகிறார், தூலோன் போகிறார், கடலில் விழுந்து செத்ததாகப் பெயர் பண்ணித் தப்புகிறார். 1823 கிறிஸ்துமஸ் இரவில் அதே காட்டுக்கு வருகிறார். இருட்டில் தன்னைவிடப் பெரிய வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு போகும் எட்டு வயதுப் பெண் கோஸெத்தைப் பார்க்கிறார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறார். தண்டுகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இதற்கப்புறம் சுமார் பத்து வருஷம் தண்டுகள் நாவலிலேயே இல்லை. நாவலின் நடுப்பகுதி முழுக்க அதுதான். கோர்போ வீடு, பெத்தி-பிக்பூஸ் மடம், ப்ளூமே தெருத் தோட்ட வீடு என்று வல்ழான் மாறிக்கொண்டே இருக்கிறார். செலவுக்குப் பணம் வேண்டும்போது காட்டுக்குப் போய் எடுத்து வருகிறார், தண்டுகளை எடுப்பதில்லை. போலீஸ் கண்ணில் படும் என்ற பயம் என்று சொல்லலாம். எனக்கு அது காரணமாகத் தோன்றவில்லை. கணப்படுப்பின்மேல் அவை நின்றதெல்லாம் அவர் தனியாக இருந்தபோது. வீட்டில் ஒரு குழந்தை சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டின் நினைவுச் சின்னம் எதற்கு? அந்த வருஷங்களில் அவர் விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்தது வேறு ஒரு சாமான். மோன்ஃபெர்மேயிலிருந்து கிளம்பிய நாளில் கோஸெத்துக்குப் போட்டுவிட்ட சின்னக் கறுப்பு உடுப்புகளைக் கற்பூரமும் வாசனைப் பொருளும் இட்டு ஒரு சிறு பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். வீடு மாறும்போதெல்லாம் முதலில் எடுப்பது அதைத்தான். பெட்டியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று வளர்ந்த கோஸெத் கேலி செய்கிறாள்.

தண்டுகள் மண்ணுக்குள் இருந்ததுபோல இந்த நாவலும் பன்னிரண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. 1845-இல் ஆரம்பித்து 1848 புரட்சியில் பாதியில் நின்ற கையெழுத்துப் பிரதி அது. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்ததும் யூகோ நாட்டைவிட்டுப் போனார். அடுத்த வருஷம் ஜூனில் அவருடைய பாரிஸ் வீட்டுத் தட்டுமுட்டுகள் ஏலத்தில் போயின. பிரஸ்ஸல்ஸ், ஜெர்ஸி, அங்கிருந்தும் வெளியேற்றம், பிறகு கெர்ன்ஸித் தீவு. 1856-இல் கவிதைப் புத்தகம் ஒன்றின் வருமானத்தில் அங்கே ஓத்வீல் ஹவுஸை வாங்கினார். வாழ்க்கையில் அவர் சொந்தமாக வாங்கிய வீடு அதுதான், அதுவும் பிரான்ஸில் இல்லை. பழைய மரப்பெட்டிகளையும் கதவுகளையும் வாங்கி உடைத்து, தானே வரைந்து கொடுத்த மாதிரியில் மேசையும் சுவரும் ஆக்கினார். சாப்பாட்டு அறைக் கதவின்மேல் நாடுகடத்தலே வாழ்க்கை என்று லத்தீனில் செதுக்கி வைத்தார். 1860 ஏப்ரலில் பெட்டியிலிருந்து பிரதியை எடுத்தார். 1861 ஜூன் 30-இல் வாட்டர்லூ போர்க்களத்துக்குப் பக்கத்தில் முடித்தார். 1862 மார்ச்சில், புத்தகம் வெளிவரப்போகும் சமயத்தில், தீவின் ஏழைக் குழந்தைகளுக்கு ஓத்வீல் ஹவுஸில் வாராவாரம் சாப்பாடு போட ஆரம்பித்தார். வீட்டுச் சாமான்களை ஏலத்தில் இழந்த ஒருவர்தான் விருந்தாளிக்காக எடுத்து வைக்கும் தண்டைப் பற்றி இவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்க முடியும் என்று நினைக்கிறேன்.

நாவலில் தண்டுகள் மறுபடி வெளியே வருகின்றன. கோஸெத்தின் கல்யாணத்துக்காகப் பெட்டி தோண்டப்படுகிறது. 5,84,500 பிராங்கில் ஐந்நூறைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் வல்ழான் அவளுக்குக் கொடுக்கிறார். தண்டுகள் லோம்-ஆர்மே தெரு வீட்டுக் கணப்படுப்பின்மேல் ஏறுகின்றன. வேலைக்காரி தூசான் பார்த்துப் பார்த்து வியக்கிறாள். குழந்தை வீட்டைவிட்டுப் போகும் நேரத்தில் அவை திரும்பி வந்து நிற்கின்றன.

1833 பிப்ரவரி 16-இல் கல்யாணம். மறுநாளே மாப்பிள்ளை மரியுஸிடம் தான் முன்னாள் கைதி என்று வல்ழான் சொல்லிவிடுகிறார். இதன் பிறகு நடப்பது தீஞ் வீட்டின் நேர் தலைகீழ். கோஸெத்தைப் பார்க்க வரும் கிழவருக்குத் தரைத்தளத்தில் ஈரமான அறை ஒன்று. முதலில் கணப்பு மூட்டி, இரண்டு சாய்வு நாற்காலி போட்டிருந்தது. வர வர நெருப்பு மூட்டுவதில்லை. அப்புறம் நாற்காலிகள் வாசல் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தன. அப்புறம் நாற்காலிகளே இல்லை. யாரும் போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்திரக்காரன் துரத்தியதைவிட இது சுத்தமான வேலை. கிழவருக்குப் புரிந்துவிட்டது, வருவதை நிறுத்தினார்.

கோடைகாலத்தில் ஒரு நாள், எழுந்திருக்கத் தெம்பில்லாத உடம்போடு, சின்னக் கறுப்பு உடுப்புகளைக் கட்டிலில் பரப்புகிறார். இழுப்பறையிலிருந்து இரண்டு மெழுகுவத்திகளை எடுத்துத் தண்டுகளில் பொருத்தி, பட்டப்பகல் வெளிச்சத்திலேயே ஏற்றுகிறார். பிணம் இருக்கும் அறையில்தான் பகலில் இப்படி எரியும் என்கிறார் யூகோ. நான் அதை வேறு மாதிரியும் படிப்பதுண்டு. மக்லுவார் அம்மாள் ஏற்றியது விருந்தாளி வந்ததற்காக. இவரும் யாரோ வருவார்கள் என்றுதான் ஏற்றியிருக்க வேண்டும். கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. கோஸெத்தும் உண்மை தெரிந்த மரியுஸும்.

பணத்தை எப்படிச் சம்பாதித்தேன், கறுப்பு மணிக்கு அரக்கு எப்படிச் சேர்த்தேன் என்று விளக்குவதற்கே கடைசி மூச்சில் பாதி போகிறது, ஏனென்றால் திருட்டுப் பணம் என்று நினைத்து மரியுஸ் அதைத் தொடவில்லை. தண்டுகளுக்கு அப்படி எந்தக் கணக்கும் சொல்லவில்லை. இவை கோஸெத்துக்கு, வெள்ளிதான், ஆனால் எனக்குப் பொன், வைரம் என்கிறார். கொடுத்தவர் மேலேயிருந்து பார்த்துத் திருப்திப்படுகிறாரோ என்னவோ என்கிறார். கொடுத்தவர் பெயரை அவளுக்குச் சொல்வதில்லை. அவளுடைய அம்மாவின் பெயரை மட்டும் சொல்கிறார்.

நான்காவது கணப்படுப்பு மரியுஸின் தாத்தா ழில்நோர்மானுடைய வீட்டில் இருந்திருக்க வேண்டும். தொண்ணூறு தாண்டிய அந்தக் கிழவர் பதினெட்டாம் நூற்றாண்டின் மிச்சம். கல்யாணப் பெண்ணுக்கென்று பழைய பெட்டிகளைக் குடைந்து பட்டும் சரிகையுமாக அள்ளிக் கொட்டியவர். தண்டுகளைத் திருப்பிப் பார்த்து, முத்திரையைத் தடவி, இந்த மாதிரி வேலைப்பாடெல்லாம் இப்போது யார் செய்கிறார்கள் என்று மெச்சியிருப்பார்.